அப்படி யாரும் இங்கே இல்லை

போலீஸ் பிடிக்காமல், அடிக்காமல், வா என்று கூப்பிடக்கூட இல்லாமல், ஒரு தெரு முழுவதும் தானாகவே பஸ் ஏறி மாவட்டக் காவல் அலுவலகத்துக்குப் போய், "நாங்க அத்தன பேரும் பொய் சொன்னோம், எழுதிக்குங்க" என்று வரிசையில் நின்றது உலக சரித்திரத்திலேயே ஒரே ஒரு தடவைதான். அந்தத் தெரு திண்டிவனத்தில் இருக்கிறது. அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பையில் சில்லறை இல்லை என்று நான் சொன்னதையே யாரும் நம்பியதில்லை.

எங்கள் எதிர்வீடு இருதயமேரியுடையது. அவளுடைய ஒரே மகன் தேவா மஸ்கட்டில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தான். அதே ஓட்டலில் வரவேற்பு மேஜையில் நின்ற மரிசெல் என்ற பெண்ணை விரும்பினான். அவள் பிலிப்பைன்ஸ்காரி. அப்பா மீன் பிடிக்கிறவர். தை மாதம் எங்கள் மாதா கோயிலில் கல்யாணம். பெண்ணைப் பார்க்க வந்த கூட்டத்தில் திண்டிவனம் மேம்பாலமே அரை அடி கீழே இறங்கியது. எங்கள் தெருவின் வாய்க்கு அவள் பெயர் அடங்கவில்லை. மூன்றாம் நாளே மேரிசெல்வி ஆக்கிவிட்டோம். நான்காவது மாதம் அவள் எங்களைவிட நன்றாக "இன்னா, பேஜாரு" எல்லாம் பேச ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு முன்பே இருதயமேரியின் கிட்னி இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாள் மகன் கூட்டிப்போவான், ஒரு நாள் மருமகள். கணவனும் மனைவியும் இனி எந்த நாட்டில் இருப்பது என்பதுதான் அந்த வீட்டில் தினமும் நடக்கும் வழக்கு. தெரு அகலம் பன்னிரண்டு அடி. தீர்ப்பு வரைக்கும் எங்கள் ஜன்னலுக்குக் கேட்கும்.

"மஸ்கட்டுக்கே திரும்பிப் போயிடலாம்னா, நீ ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல. கம்பெனி ஃபேமிலி விசா தரமாட்டான்" என்பான் தேவா.

"எங்க ஊரு வா. எங்கப்பா போட் இருக்கு" என்பாள் அவள்.

"அம்மாவ?"

அவள் பாத்திரத்தை நங்கென்று வைக்கும் சத்தம் வரும். அவனே தொடர்வான்.

"அப்ப நீ போ, நான் அம்மாவ பாத்துக்கினு இங்க இருக்கேன். அப்புறமா வர்றேன்."

"நான் அங்க, நீ இங்க. அதுக்கு எதுக்கு தேவா கல்யாணம்? ஃபோன்ல பேசிக்கினு இருந்தா போதாதா?"

கடைசியில் இங்கேயே இருப்பது என்று முடிவு செய்தார்கள். அவள் வந்தது சுற்றுலா விசாவில். இந்தியனுக்கு மனைவி என்று காட்டி அதை மாற்றக் கேட்டு மனுப் போட்டார்கள். விசா முடிய ஒன்பது நாள் இருந்தபோது ஒரே ஒரு படி பாக்கி இருந்தது. ஒருவர் வந்து தெருவில் விசாரித்து, இருவரும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவள் கிளம்ப வேண்டியதுதான். தேவா பின்னால் போக முடியாது.

ஆள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலமே தேவா என்னிடம் வந்து சொன்னான்.

"மாமா, விசா விசயமா ஆளு வந்து அக்கம்பக்கத்துல கேப்பாங்களாம். இருக்குதுன்னு சொல்லுங்க, அது போதும்."

"யார்கிட்ட சொல்ற? நான் சொல்ற சொல்லுக்கு டெல்லியில கையெழுத்து விழும், போ" என்றேன்.

விசா ஆள் என்றால் கோட்டு போட்டிருப்பார், காரில் வருவார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்பு.

ஏனென்றால் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காக்கி உடுப்பில் யார் வந்து யாரைக் கேட்டாலும், அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை. சம்மன், ஜப்தி, அடிதடி வழக்கு என்று அந்தக் காலத்தில் பட்ட பாட்டில் வந்த பழக்கம். இது எங்கள் நாக்கில் எவ்வளவு ஊறிப்போனது என்றால், தபால்காரர் காக்கி போட்டிருந்த காலத்தில் எங்கள் தெருவுக்கு வந்த மணியார்டரில் பாதி, பெறுநர் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. தேவா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான். வீட்டைப் பூட்டிவிட்டு, மரிசெல் இரண்டு வீடு தள்ளி கெங்கம்மாளின் வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். கருவாடு விஷயத்தில் இந்தியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் எந்தத் தகராறும் கிடையாது. தெருமுனையில் ஒரு பைக் நின்றது. காக்கி. நரைத்த மீசை. சட்டையில் விருத்தாசலம் என்று பெயர்ப் பட்டை.

"பெரியவரே, தேவான்னு ஒருத்தரு வெளிநாட்டுப் பொண்ண கட்டினு வந்திருக்காராமே. அந்தப் பொண்ணு இங்கதான் இருக்குதா?"

என் மூளை அப்போதுதான் கைலியைச் சரிசெய்துகொண்டிருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"வெளிநாட்டுப் பொண்ணா? எங்க தெருவுலயா? அப்படி யாரும் இல்லீங்களே!"

அவர் பெட்டிக்கடைக்குப் போனார். கடைக்காரி கலையரசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இல்லீங்க சார்." தையற்கடை அலெக்ஸ் தைப்பதை நிறுத்தாமலே சொன்னான்: "எங்க தெருவுக்கு ஃபாரின் சோப்பே வந்ததில்ல சார். பொண்ணு எங்கேருந்து வரும்?"

காக்கியைக் கண்டதும் கெங்கம்மாள் எழுந்தாள். மரிசெல்லைத் தோளைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளி, கதவை இழுத்து வெளித்தாழ்ப்பாள் போட்டு, அந்தக் கதவின் மேலேயே சாய்ந்துகொண்டாள். எழுபது வயதுக்காரி. அந்த வேகம் எங்கள் பஸ்ஸுக்கு இருந்திருந்தால் நாங்கள் ரயிலை முந்தியிருப்போம்.

"எந்த வெளிநாடு? நான் செஞ்சிக்கு அந்தாண்ட போனதில்ல சாமி. எனக்கு எவளத் தெரியும்?"

விருத்தாசலம் பொறுமையான மனிதர். பதினோரு வீடு கேட்டார். பதினோரு வீட்டிலும் இல்லை. தேவாவின் வீட்டுக்குப் போனார். பூட்டு. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பைக்கை உதைத்தபடி என்னிடம் சொன்னார்:

"வேல சுளுவா முடிஞ்சுது பெரியவரே. விசாவுக்கு விசாரிக்க வந்தேன். பொண்ணு இந்த அட்ரஸ்ல இல்லன்னு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் குடுத்துட்டா, தீந்துது."

விசா என்ற சொல் என் காதில் விழுந்து, மண்டையைச் சுற்றி, கீழே இறங்குவதற்குள் பைக் தெருவைத் தாண்டிவிட்டது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அடுத்த ஊர் கூட்டேரிப்பட்டு வரை ஓடினேன் என்று சொல்லத்தான் ஆசை. தெருமுனைப் பைப்படி வரை ஓடினேன்.

திரும்பி வந்தபோது கெங்கம்மாள் தாழ்ப்பாளை எடுத்திருந்தாள். மரிசெல் வெளியே வந்தாள். கையில் கருவாட்டுச் செதில். ஜன்னல் வழியாக அத்தனையும் கேட்டிருக்கிறாள். எங்கள் தமிழைத்தான் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாளே.

"நான் இங்க இல்ல" என்றாள். சத்தம் போடவில்லை. "கலை சொல்லுது, இல்ல. அலெக்ஸ் சொல்லுது, இல்ல. மாமா, நீங்க ஃபர்ஸ்ட் சொன்னீங்க. ஓகே."

"அது இல்ல மேரிசெல்வி, அவரு காக்கி..."

"ஓகே மாமா."

அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "கொஞ்சம் ஆறட்டும்" என்றாள் என் மனைவி ராஜாமணி. தேவா வந்ததும் அவனே போய்ச் சொல்லிக்கொள்வான் என்று நாங்களும் ஆறவிட்டோம். கெங்கம்மாள் மட்டும் இரண்டு தடவை போய்க் கதவைத் தட்டினாள். இரண்டாவது தடவை சுற்றிப் போய்ப் பார்த்தால், பின்கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. பின்பக்கச் சந்து வழியாக அவள் போனதை யாரும் பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்கு தேவா ஃபோன் செய்தான். அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"மாமா, அங்க இன்னா நடந்துச்சு? மரிசெல் பெட்டிய எடுத்துக்கினு விழுப்புரம் எஸ்.பி. ஆபீசுக்குப் போய்க்கினு இருக்குது. மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன், நானே ஊருக்குப் போறேன்னு எழுதிக் குடுக்கப் போவுதாம். உங்க தெருவுக்கு நான் வேணாம்னு சொல்லுது. சொல்லிட்டு வெச்சிட்டுது, இப்ப ஃபோன எடுக்க மாட்டேங்குது. அம்மாவுக்கு மிஷின் ஓடிக்கினு இருக்குது மாமா, நாலு மணிக்குள்ள நான் எப்படி எழுந்து போவேன்?"

"நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றேன். எதை, எப்படி என்று தெரியாது.

தெரு என் வாசலில் கூடியது. விஷயத்தைச் சொன்னேன். முதலில் பேசியது அலெக்ஸ்.

"போலீசுகிட்ட போயி, காலையில உன்கிட்ட பொய் சொன்னோம்னு நாமளே சொல்றதா? அப்படியே உள்ள வெச்சிடுவான்."

"உங்கொப்பன் ரெண்டு கட்டினதுக்கே வெக்கல, உன்ன எதுக்குடா வெக்கிறான்?" என்றாள் கலையரசி.

"ரெண்டு பேரு போனா போதாதா?"

"பதினோரு வீட்ல கேட்டிருக்கான். ரெண்டு பேரு போயி சொன்னா நம்புவானா?" என்று நான் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரம்பரை பரம்பரையாகக் காக்கிக்கு ஒளிந்தவர்கள். தேடிக்கொண்டு போனதாகச் சரித்திரமே இல்லை.

கெங்கம்மாள் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். "தாப்பா போட்டவ நான். நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க." அவள் நடக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நிற்க எவனுக்கு முகம் இருக்கும்?

பஸ் நிலையத்தில் விழுப்புரம் வண்டி புறப்பட நின்றது. கண்டக்டர் செல்வகுமார் என்னிடம் தொழில் பழகியவன். எண்ணூறு பேரோடு ஏறினேன். ராஜாமணி கணக்குப்படி நாற்பது பேர்.

"அண்ணே, இன்னா கல்யாணமா?"

"கல்யாணம்தான். முறியாம இருக்கணும். ஜல்தியா வுடச் சொல்லு."

மணி இரண்டே முக்கால். நெடுஞ்சாலையில் வண்டி நன்றாகத்தான் போனது, எனக்குத்தான் ஒவ்வொரு புளியமரமும் வழியை மறித்து நின்றது. கூட்டேரிப்பட்டில் ஒருவர் ஏறினார். கையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பை. பஸ் முழுக்க ஒரே விஷயத்தைப் பேசுவதைக் கேட்டு, நாலு மைல் போவதற்குள் முழுக்கதையும் அவருக்குத் தெரிந்துவிட்டது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகள் மூன்று வரிசையாக நின்றன. பஸ் அசையவில்லை. மூன்றரை. மூன்று நாற்பது. கெங்கம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பி வளைந்திருக்கும்.

"இந்நேரம் எழுதிக் குடுத்திருப்பா" என்றான் அலெக்ஸ்.

"வாய மூடு" என்றது மொத்த பஸ்ஸும். டிரைவர் உட்பட.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு இருபத்தைந்து. வாசலில் நின்ற காவலர் எங்களைப் பார்த்து மறியல் என்று நினைத்து விசிலை எடுத்தார். "மறியல் இல்லீங்க, வாக்குமூலம்!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன்.

வராந்தாவில் பெஞ்சில் மரிசெல் உட்கார்ந்திருந்தாள். காலடியில் சிவப்புப் பெட்டி. மடியில் ஒரு முழு வெள்ளைத்தாள், ஆங்கிலத்தில் நான்கு வரி, கீழே கையெழுத்து. இன்ஸ்பெக்டர் மேடம் மீட்டிங்கில் இருந்ததால்தான் அது இன்னும் அவள் மடியிலேயே இருந்தது. எங்களைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து மேஜையில் விருத்தாசலம் அறிக்கையைப் பாதி எழுதியிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"சார், காலையில நாங்க சொன்னது பொய். அந்தப் பொண்ணு எங்க தெருவுலதான் இருக்குது. எழுதிக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். வரிசை வராந்தாவைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கி வேப்பமரம் வரை போயிருந்தது.

"காலையில இல்லன்னீங்க. இப்ப இருக்குதுன்றீங்க. எவன் குடுத்தான் பஸ்சுக்கு?"

"யாரும் குடுக்கல சார். நாங்களே வந்தோம்."

"போலீசுகிட்ட பொய் சொன்னேன்னு ஒரு தெருவே தானா வந்து சொல்லுமா? முப்பது வருசம் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல. நம்பமாட்டேன் பெரியவரே. சரி, இந்தப் பொண்ணு எப்படிப்பட்டது? சொல்லுங்க."

"தங்கமான பொண்ணு சார்" என்றேன்.

"ரொம்ப தங்கம்" என்றாள் கலையரசி.

"பத்தரமாத்துத் தங்கம்" என்றான் அலெக்ஸ்.

மல்லாட்டைப் பைக்காரர் எப்படியோ நான்காவது ஆளாக வந்து நின்றிருந்தார். "தங்கம்தாங்க."

"நீ எந்த வீடு? உன்ன நான் பாக்கலியே."

"நான் கூட்டேரிப்பட்டுங்க. நான் பொய் சொல்லலீங்க. ஆனா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

விருத்தாசலம் முகம் சிவந்தது. "நல்லா ஒப்பிக்கிறீங்க. காலையில ஒரு பாடம், சாயங்காலம் ஒரு பாடம். போங்கய்யா!" அவர் பேனாவை எடுத்தார். மரிசெல் தாளோடு எழுந்து நின்றாள். மணி நான்கே முக்கால். என் வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை.

"யாருடா தங்கம்னது?" என்று ஒரு குரல் வரிசைக்குள்ளிருந்து வந்தது. கெங்கம்மாள் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "தங்கமாம் தங்கம்! சார், எங்கூட்டுக் கொடியில நாலு மாசமா இவ துணிதான் காயுது. என் சீலைய எங்க போடுவேன்? கோழிக் கொழம்புல புளிச்ச காடிய ஊத்தி வெக்கிறா, தெருவே கண்ணு எரியுது. ஞாயித்துக்கெழம மைக்க புடிச்சிக்கினு பாடறா பாரு, என் ஆடு பால் வத்திப்போச்சு. என் துணி க்ளிப்பு ஒரு டஜன காணோம்!"

"பொய்!" என்றாள் மரிசெல். அந்த வராந்தாவே அதிர்ந்தது. "க்ளிப்பு என்து! மஸ்கட்லேருந்து நான் எடுத்தாந்தேன்! பச்ச கலரு! உங்க க்ளிப்பு மரம்! உங்க ஆடு என் சர்டிபிகேட் ஒண்ணு துன்னுச்சு, நான் கேட்டனா?"

"அது ஜெராக்ஸுடி!"

"ஜெராக்ஸுன்னா துன்னலாமா? காலையில என்ன உள்ள வெச்சு தாப்பா போட்டது யாரு? நீங்க! நான் இல்லன்னு சொன்னது யாரு? நீங்க!"

"போட்டேன்டி! காக்கிச்சட்டக்காரன் உன்ன தூக்கினு பூடுவான்னு போட்டேன். என் வயித்துல பொறந்தவளா இருந்தாலும் அப்படித்தான் போடுவேன்!"

மரிசெல்லின் வாய் திறந்தபடியே நின்றது. அந்த இடைவெளியில்தான் எனக்குப் பேச்சு வந்தது.

"மேரிசெல்வி, கேளும்மா. எங்க தெருவுல வேண்டாத ஆளுன்னா, காக்கி வந்து கேட்டா கையப் புடிச்சிக் கூட்டினு போயி வூட்டக் காட்டுவோம். சொந்த ஆளத்தாம்மா இல்லன்னு சொல்லுவோம்."

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கலையரசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அலெக்ஸ் தரையைப் பார்த்தான். அப்போது படிக்கட்டில் தேவா ஓடி வந்தான், அம்மாவை வாசலில் ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு. சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான், அவ்வளவுதான்.

விருத்தாசலம் மீசையைத் தடவினார். "சரி. இப்ப சொன்னத எழுத்துல குடுங்க. ஆளாளுக்கு கையெழுத்து. பேப்பர் எடுத்தாந்தீங்களா?"

நாற்பது பேர் வந்திருந்தோம். எவனும் ஒரு தாள் கொண்டுவரவில்லை. கடைக்கு ஓடினால் ஐந்து தாண்டிவிடும்.

மரிசெல் தன் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். தேவாவைப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி மேஜையில் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"இதுல எழுதுங்க மாமா" என்றாள்.

நான் எழுதினேன். முப்பத்தோரு வருடம் ஓடும் பஸ்ஸில் எழுதியவனுக்கு, அசையாத மேஜையில் எழுத்து கோணியது. கெங்கம்மாள் கைநாட்டு வைத்தாள். கூட்டேரிப்பட்டுக்காரர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கலைப்பிரியா மீட்டிங் முடிந்து வந்தார். வேப்பமரம் வரை நின்ற கூட்டத்தைப் பார்த்தார். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். திருப்பினார்.

"இது இன்னா பின்னால, நாட்ட வுட்டுப் போறேன்னு எழுதியிருக்கு?"

"அது வேணாம் மேடம்" என்றாள் மரிசெல். "முன்னாடி மட்டும் படிங்க."

மேடம் விருத்தாசலத்தின் பக்கம் திரும்பினார். "என்ன விருத்தாசலம் இது? ஒரு தெருவே பஸ் ஏறி வந்து, பொய் சொன்னோம்னு எழுதிக் குடுத்திருக்குன்னு நான் மேல அனுப்பணுமா? யாராவது நம்புவாங்களா? அந்தப் பொண்ணு நிஜமாவே அங்கதான் குடியிருக்குதா?"

விருத்தாசலம் பாதி எழுதிய பழைய அறிக்கையை எடுத்தார். நான்காக மடித்தார். சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நானும் நம்பலீங்க மேடம். இந்தப் பெரியவரு வாயத் தொறந்தப்ப சுத்தமா நம்பல." அவர் ஒரு முறை எங்கள் வரிசையை, கெங்கம்மாளை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற தேவாவைப் பார்த்தார். "ஆனா அது அங்க குடித்தனம் பண்ற பொண்ணுதாங்க. இவங்களும் தானாத்தான் வந்தாங்க. என் கண்ணு முன்னாடி நடந்துதுங்க மேடம்."